நின்ற எஞ்சினும் விழுந்த விமானமும்

2025-ஆம் ஆண்டு ஜூன் 12-ஆம் தேதி அகமதாபாத்தில் ஏர் இந்தியா விமானம் ஒன்று எழும்பிய ஒரு நிமிஷத்துக்குள் விழுந்து, உள்ளிருந்தோரும் தரையிலிருந்தோருமாக 260 பேர் மாண்டுபோன செய்தி வந்த நாளிலிருந்து, கிருஷ்ணன்கோவிலில் மதுரைச் சாலையோரத்து டீக்கடையில் என்னைக் கண்டவர்கள் எல்லாரும், நான் பள்ளிக்கூடத்தில் முப்பது வருஷம் பௌதிகம் நடத்தியவன் என்கிற ஒரே காரணத்தை முன்னிட்டு, ஒரே கேள்வியைத் திருப்பித் திருப்பிக் கேட்டு வந்தார்கள். "எஞ்சின் நின்னா கல்லு மாதிரி விழுந்துருமா சார்?" என்பதே அந்தக் கேள்வி. கேட்டவர்களில் ஒருவர் லாரி டிரைவர். இன்னொருவர் ராஜபாளையத்து நூற்பாலையில் ஃபிட்டர். யந்திரத்தோடு தினம் மல்லுக்கட்டுகிறவர்கள் கேட்கும் கேள்வியைத் தட்டிக்கழிப்பது தர்மமாகாது. ஆயினும் பெரிய விமானங்களின் விவகாரம் தனி. அதற்குரிய விசாரணைகளும் தனி. இரண்டு பேரும் நாலு பேருமாக ஏறிச்செல்லும் சிறு விமானங்களில்தான், அதாவது ஒற்றை எஞ்சினையே நம்பி ஆகாயத்தில் சஞ்சரிக்கும் தனியார் விமானங்களிலும் பயிற்சி விமானங்களிலும்தான், இந்தக் கேள்வி அதன் முழு ரூபத்தோடு எழுகிறது. ஆகையால் அவற்றைப் பற்றியே இங்கே விசாரிக்கலாம் என்று உத்தேசம்.

கல்லைப் போல் விழாது. இறக்கையை அசைக்காமல் மணிக்கணக்கில் வட்டமிடும் பருந்தை நம் வயற்காடுகளின் மேல் பார்க்காதவர் இல்லை. விமானத்தைத் தாங்கி நிற்பதும் எஞ்சின் அல்ல, இறக்கையின் மேல் ஓடும் காற்றுத்தான். எஞ்சின் செய்கிற காரியம் அந்தக் காற்றோட்டம் குறையாதபடி விமானத்தை முன்னால் இழுத்துக்கொண்டிருப்பது. அது நின்றுவிட்டால், மூக்கைச் சற்றே தாழ்த்தி, உயரத்தைச் சிறிது சிறிதாகச் செலவு செய்து, அந்தச் செலவிலே வேகத்தை வாங்கிக்கொண்டு வழுக்கிக்கொண்டே இறங்கலாம். 1956 முதல் 44,000-க்கு மேல் செய்யப்பட்டு, உலகத்துப் பறப்புப் பள்ளிகளில் பெரும்பாலானவற்றுக்கு இன்றும் மூலதனமாக இருக்கிற செஸ்னா 172 என்கிற நாலு பேர் விமானம், எஞ்சின் முற்றிலும் நின்ற நிலையில், ஒரு பங்கு இறங்குவதற்குள் சுமார் ஒன்பது பங்கு முன்னால் போகும். நாலாயிரம் அடி உயரத்தில், ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கோயில் கோபுரத்துக்கு நேர் மேலே எஞ்சின் நின்றதாக வைத்துக்கொண்டால், எதிர்க்காற்று இல்லாத நாளில், அந்த விமானி எங்கள் கிருஷ்ணன்கோவில் வரையில் வந்து இறங்க முயற்சி செய்து பார்க்கலாம்.

நாலாயிரம் அடி என்பது கையில் பணம் இருக்கிறவன் கணக்கு. உயரம் இல்லாதவனுக்கோ அந்தக் கோபுரமே அளவுகோலாகிறது. அதன் உயரம் ஏறத்தாழ 190 அடி. ஒன்றன்மேல் ஒன்றாக ஐந்து கோபுரங்களை அடுக்கினால் கிடைக்கும் உயரத்தில் எஞ்சின் நின்றால் விமானிக்குச் சுமார் ஒன்றரை நிமிஷ அவகாசம் உண்டு. இரண்டரைக் கோபுர உயரத்தில் நின்றால் நாற்பது வினாடி. ஒரு கோபுர உயரத்தில் நின்றால், 'நின்றுவிட்டது' என்று மனம் ஒப்புக்கொள்வதற்கு ஆகும் நாலைந்து வினாடியைக் கழித்துவிட்டுப் பார்க்கும்போது, எதிரே என்ன இருக்கிறதோ அதன்மேல் இறக்குவதைத் தவிர வேறு உபாயம் கிடையாது.

மரணம் நுழைகிற வாசல் இதுதான் என்றாலும், அது நுழைகிற விதம் சாதாரணமாக நாம் நினைப்பதுபோல் இல்லை. ஓடுதளத்தை விட்டு எழும்பி மேலேறிக்கொண்டிருக்கும் விமானத்தின் மூக்கு ஆகாயத்தை நோக்கியிருக்கிறது. எஞ்சின் நின்றதும் வேகம் மளமளவென்று குறைகிறது. அந்தக் கணத்தில் செய்ய வேண்டிய முதற் காரியம் மூக்கைத் தரையை நோக்கித் தாழ்த்துவது. தரை வேகமாக நெருங்கி வருகிறபோது, அதை நோக்கியே விமானத்தைத் தள்ள வேண்டும் என்பது மனித சுபாவத்துக்கு அடியோடு விரோதமான செயல். கை தானாகவே பின்னால் இழுக்கிறது. மனம், சற்று முன்பு விட்டு வந்த ஓடுதளத்தை நினைத்துக்கொள்கிறது. திரும்பினால் அங்கேயே போய்விடலாமே என்கிற ஆசை பிறக்கிறது. திரும்புவதற்கு விமானத்தைச் சாய்க்க வேண்டும். சாய்க்கச் சாய்க்க, அதைத் தாங்குவதற்கு வேண்டிய குறைந்தபட்ச வேகம் ஏறிக்கொண்டே போகிறது: 45 டிகிரி சாய்வில் நூற்றுக்குப் பத்தொன்பது பங்கும், 60 டிகிரிச் சாய்வில் நாற்பத்தொரு பங்கும் அதிகம். கையில் இருக்கும் வேகம் குறைந்துகொண்டும், தேவைப்படும் வேகம் கூடிக்கொண்டும் வருகிற இரண்டு கோடுகள் ஒன்றையொன்று வெட்டுகிற இடத்தில் இறக்கை காற்றைக் கைவிடுகிறது. ஒரு பக்கத்து இறக்கை முந்திக்கொண்டு கைவிடுவதால் விமானம் பம்பரமாய்ச் சுழன்று தலைகுப்புற விழுகிறது. நேர் எதிரே கரும்புக்காட்டிலோ சோளக்காட்டிலோ சக்கரம் ஒடிந்து, கண்ணாடி நொறுங்கி, கால் எலும்பு முறிந்து பிழைத்திருக்க வேண்டியவர், ஓடுதளத்துக்குத் திரும்ப நினைத்ததனாலேயே பிழைக்காமல் போகிறார். விபத்து அறிக்கைகளில் இந்த வரலாறு நாட்டுக்கு நாடு, வருஷத்துக்கு வருஷம், பெயர் மட்டும் மாறித் திரும்பத் திரும்ப வருகிறது.

எஞ்சின் நிற்பது வேறு, மரணம் வேறு என்பதற்கு நம் நாட்டிலேயே ஒரு ஜோடி உதாரணம் உண்டு. ஒப்பிட்டுப் பார்ப்பதற்கென்றே நேர்ந்தவைபோல அவை அமைந்திருக்கின்றன. இரண்டும் பாட்னாவிலிருந்து தில்லிக்கு நோயாளியை ஏற்றிக்கொண்டு வந்த விமான ஆம்புலன்ஸ்கள். இரண்டும் மே மாதத்தில், ஊரை நெருங்குகிற நேரத்தில் ஆபத்துக்குள்ளானவை. 2011-ஆம் ஆண்டு மே 25-ஆம் தேதி வந்தது பிலாட்டஸ் பி.சி. 12 என்கிற ஒற்றை எஞ்சின் விமானம். அது ஃபரீதாபாத்தில் வீடுகளின் மேல் விழுந்து, உள்ளிருந்த ஏழு பேரும் தரையிலிருந்த மூன்று பேரும் இறந்தார்கள். 2016-ஆம் ஆண்டு மே 24-ஆம் தேதி வந்ததோ இரட்டை எஞ்சின் கொண்ட கிங் ஏர். அதன் இரண்டு எஞ்சின்களும் செயலற்றுப்போக, விமானி நஜஃப்கடுக்கு அருகே வயல்வெளியில் கொண்டுவந்து இறக்கினார். உள்ளிருந்த ஏழு பேரும் உயிர் தப்பினார்கள். முதல் விபத்தைப் பற்றிய விசாரணை, மோசமான வானிலை, கட்டுப்பாட்டுக் கருவிகளைக் கையாண்டதில் நேர்ந்த பிழை, திசையும் நிலையும் தெரியாத மயக்கம் ஆகிய மூன்றில் ஒன்றோ, மூன்றும் சேர்ந்தோ காரணமாயிருக்கலாம் என்று சொல்லிற்று; எஞ்சினைக் காரணமாகச் சொல்லவில்லை. நம்முடைய கேள்விக்கு இதைக் காட்டிலும் தெளிவான பதிலைக் கற்பனையில் கூட உண்டாக்க முடியாது.

இந்தியாவில் சிறு விமானங்களிலும் ஹெலிகாப்டர்களிலும் மாண்ட பிரபலஸ்தர்களின் ஜாபிதாவை எடுத்துப் பார்த்தாலும் இதே முடிவுதான். 1980-ஆம் ஆண்டு ஜூன் 23-ஆம் தேதி தில்லியில் சஞ்சய் காந்தி ஓட்டிச்சென்ற பிட்ஸ் விமானம், வித்தை காட்டுவதற்குப் போதிய உயரமில்லாத இடத்தில் குட்டிக்கரணம் போட்டு விழுந்தது. 2001 செப்டம்பர் 30-ஆம் தேதி மாதவராவ் சிந்தியா போன விமானத்துக்கு எஞ்சின் இரண்டு. அவை இரண்டும் இருந்தும் கெட்ட வானிலையில் மெயின்புரி அருகே எட்டுப் பேரும் இறந்தார்கள். 2021 டிசம்பர் 8-ஆம் தேதி நம் குன்னூருக்குப் பக்கத்தில் ஜெனரல் பிபின் ராவத் உட்பட 14 பேரைப் பலிகொண்ட ராணுவ ஹெலிகாப்டரின் விஷயத்தில், முப்படை விசாரணை யந்திரக் கோளாறு இல்லை என்று விலக்கிவிட்டு, எதிர்பாராமல் மேகத்துக்குள் புகுந்ததே காரணம் என்றது. 'அருணாச்சலம்', 'படையப்பா' படங்களால் நம்மவர்களுக்குப் பரிச்சயமான நடிகை சௌந்தர்யா, 2004 ஏப்ரல் 17-ஆம் தேதி பெங்களூரு ஜக்கூர் தளத்திலிருந்து தேர்தல் பிரசாரத்துக்குப் புறப்பட்ட செஸ்னா 180, கோபுரத்தில் பாதியளவு உயரம் ஏறுவதற்குள் விழுந்து, அவரோடு மூன்று பேரும் போனார்கள். அந்த உயரத்தில் எதனால் தவறு நேர்ந்தாலும் திருத்திக்கொள்ள இடமில்லை என்பதே அந்த விபத்து சொல்வது. ஒவ்வொன்றும் வெவ்வேறு சோகம். எதிலும் 'எஞ்சின் நின்றது, ஆகவே இறந்தார்கள்' என்கிற எளிய வாக்கியம் பொருந்தவில்லை.

அப்படியானால் எஞ்சின் நிற்பதே இல்லையா என்றால், நிற்கத்தான் செய்கிறது. அமெரிக்காவில் தனியார் விமானங்களைப் பற்றி வருஷந்தோறும் தொகுக்கப்படும் கணக்குகளின்படி, விபத்துகளில் ஏறத்தாழ முக்கால் பங்கு விமானியின் செய்கையினாலும், சுமார் ஆறில் ஒரு பங்கு யந்திரக் கோளாற்றினாலும் நேர்கின்றன. ஆனால் இந்தப் பாகுபாடு என் மனத்துக்குப் பூரணமாக ஒப்பவில்லை. பெட்ரோல் தீர்ந்து எஞ்சின் நின்றால் அதை எந்தக் கணக்கில் எழுதுவது? எஞ்சினுக்கு ஒரு குறையும் இல்லை; பட்டினி போட்டால் யார்தான் உழைப்பார்கள்? சிறு விமானங்களில் எஞ்சின் நிற்பதற்குரிய காரணங்களில், உலோகம் உடைவதைவிட எண்ணெய் வராமற்போவது முக்கியமான இடத்தைப் பிடித்திருக்கிறது என்பதை நினைத்தால், எண்ணெய்க்கும் மனிதனுக்கும் இடையே உள்ள இந்த எல்லைக்கோடு எங்கே ஓடுகிறது என்றே தெரியவில்லை.

இங்கே எங்கள் கிணற்றடியைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் சிறு வயதில் எங்கள் தோட்டத்தில் கமலையை நிறுத்திவிட்டு ஆயில் எஞ்சின் வைத்திருந்தார் என் தகப்பனார். ஐப்பசி மழை முடிந்த ஒரு விடியற்காலையில் அது நாலு தரம் இருமிவிட்டு நின்றுபோயிற்று. வத்திராயிருப்பிலிருந்து சைக்கிளில் வந்த மெக்கானிக், எஞ்சினைப் பிரிக்கவே இல்லை. டீசல் டாங்கிக்கு அடியிலிருந்த திருகைச் சிறிது தளர்த்தி, என் தாயார் காப்பி ஆற்றி வைத்திருந்த கண்ணாடித் தம்ளரில் அரைத் தம்ளர் பிடித்து, வெயிலுக்கு நேரே தூக்கிக் காட்டினார். அடியில் ஒரு விரற்கடைக்குத் தண்ணீர். மேலே மஞ்சளாக டீசல். இரண்டுக்கும் நடுவே கத்தியால் கீறியதுபோல் ஒரு கோடு. "அண்ணாச்சி, மூடியிலே வாஷர் போயிருச்சு, மழைத்தண்ணி எறங்கியிருக்கு. எஞ்சின் என்ன செய்யும், பாவம்?" என்றார். அந்தத் தம்ளரை நான் வெகு காலம் கழித்து, புத்தகங்களில் சிறு விமானங்களைப் பற்றிப் படிக்கும்போது மறுபடி சந்தித்தேன். ஒவ்வொரு நாளும் முதற் பறப்புக்கு முன்னும், எண்ணெய் நிரப்பிய பின்னும், விமானி இறக்கைக்கு அடியிலுள்ள சிறு வடிகுழாயை அழுத்தி ஒரு கண்ணாடிக் குப்பியில் பெட்ரோல் பிடித்து, வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்க்கிறார். இராத்திரியில் பாதி காலியான டாங்கியின் உட்சுவரில் வேர்க்கிற ஈரம் கனமாகையால் அடியில் தங்குகிறது. அந்தப் பெட்ரோலுக்கு வேண்டுமென்றே நீலச் சாயம் ஏற்றியிருப்பதற்கும் இதே போன்ற முகாந்தரம் உண்டு: தவறான எண்ணெயைக் கண்ணாலேயே கண்டுபிடிக்க வேண்டும். ஜெட் விமானத்துக்குரிய மண்ணெண்ணெய் ஜாதி எண்ணெயைப் பிஸ்டன் எஞ்சினில் ஊற்றினால், அது தரையில் ஓடி, ஆகாயத்தில் ஏறி, மிகவும் பொல்லாத உயரத்தில் நிற்கும். இந்த நீலப் பெட்ரோலை நாம் அயல்நாட்டிலிருந்தே தருவித்துக்கொண்டிருந்தோம். 2022-ஆம் வருஷம் செப்டம்பரில்தான் இந்தியன் ஆயில் நிறுவனம் உள்நாட்டில் தயாரித்ததை வெளியிட்டது.

எண்ணெய் இருந்தும் எஞ்சினைச் சென்றடையாமற் போவது இன்னொரு வகை. அமெரிக்காவின் பிரசித்தி பெற்ற பாடகர் ஜான் டென்வர் 1997 அக்டோபர் 12-ஆம் தேதி கலிபோர்னியாவின் மான்டரே விரிகுடாவில் விழுந்து இறந்தது அப்படித்தான். அவர் புதிதாக வாங்கியிருந்த லாங் ஈ.இசட். விமானத்தை வீட்டில் வைத்துக் கட்டிய ஒருவர், ஒரு டாங்கியிலிருந்து இன்னொரு டாங்கிக்கு மாற்றும் கைப்பிடியை விமானியின் இடது தோளுக்குப் பின்னால் வைத்துவிட்டிருந்தார். அதைத் திருப்ப வேண்டுமானால் உடம்பையே முறுக்கித் திரும்ப வேண்டும். திரும்பும்போது வலது கால் தன்னையறியாமல் சுக்கான் மிதியை அழுத்திவிடும். கைப்பிடி ஒரு முழம் முன்னால் இருந்திருந்தால் அவர் இன்னும் பாடிக்கொண்டிருக்கலாம். இதை விமானியின் பிழை என்பதா, கட்டியவரின் பிழை என்பதா?

கார்புரேட்டரில் பனிக்கட்டி உறையும் சங்கதி நம்மவர்களுக்குச் சொன்னால் சிரிப்பார்கள். வெளியே 25 டிகிரி, 30 டிகிரி என்று சூடு இருக்கும்போதே, காற்றில் ஈரம் மிகுந்த நாட்களில், எஞ்சினின் தொண்டைக்குள் பனிக்கட்டி கட்டுவது உண்டு. கோடைகாலத்து மண்பானையில் தண்ணீர் எதனால் குளிர்கிறதோ அதே காரணம்: ஆவியாகிற பெட்ரோல் சுற்றியுள்ள காற்றிலிருந்து சூட்டைப் பறித்துக்கொள்ள, குறுகிய வழியில் காற்று வேகமாக ஓடுவதனால் மேலும் குளிர, காற்றிலுள்ள ஈரம் சுவரில் உறைந்து, போகிற வழியை அடைக்கிறது. சூடான காற்றை உள்ளே விடுவதற்கென்று ஒரு கைப்பிடி வைத்திருக்கிறார்கள். அதை நினைவாக இழுக்க வேண்டியது விமானியின் பொறுப்பு. இந்தக் குற்றவாளியிடம் ஒரு விசேஷம் என்னவென்றால், விசாரணை அதிகாரி வந்து சேர்வதற்குள் தான் இருந்த தடயத்தையே உருக்கி மறைத்துவிட்டுப் போய்விடும்.

தீப்பொறி விஷயத்தில் முன்னோர்கள் பட்ட பாட்டினால் இன்றுள்ளவர்கள் பிழைத்தார்கள். ஒவ்வொரு சிலிண்டருக்கும் இரண்டு பிளக். இரண்டுக்கும் தனித்தனி மேக்னெட்டோ, அதாவது தீப்பொறிக்கு வேண்டிய மின்சாரத்தைத் தானே உண்டாக்கும் கருவி. பாட்டரி செத்தாலும் எஞ்சின் ஓடும். 1930-இல் ஆகா கான் அறிவித்த பரிசுக்காக இந்தியாவுக்கும் இங்கிலாந்துக்கும் இடையே தனியாகப் பறக்கும் போட்டியில் இறங்கியவர்களில் ஜே.ஆர்.டி. டாட்டா ஒருவர், ஆஸ்பி எஞ்சினியர் என்கிற வாலிபர் இன்னொருவர். எகிப்தில் அபூகீர் என்னும் இடத்தில் எதிரெதிர்த் திசையில் போய்க்கொண்டிருந்த இருவரும் சந்தித்தார்கள். ஆஸ்பி பிளக் இல்லாமல் அங்கே அகப்பட்டுக்கொண்டிருக்கக் கண்டு, டாட்டா தன்னிடமிருந்த உபரிப் பிளக்குகளை எடுத்துக் கொடுத்துவிட்டுப் போனார். பரிசு ஆஸ்பிக்குக் கிடைத்தது. பிற்காலத்தில் அந்த வாலிபர் இந்திய விமானப்படையின் தளபதியானார் என்பது தெரிந்த சமாசாரம். அக்காலத்துத் தனியார் விமானிகள் பிளக்கைக் கழற்றிச் சுத்தம் செய்யாமல் தூங்கப் போகமாட்டார்கள் என்பதற்காகவே இதைச் சொன்னேன்.

இந்த ஆராய்ச்சியில் என்னைத் திடுக்கிட வைத்த கணக்கு ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது. அந்நாட்டுப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிறுவனம், ஒற்றை எஞ்சின் விமானங்கள் எழும்பும்போதும் எழும்பிய உடனேயும் வலுவிழந்த சம்பவங்களை 2000 முதல் 2010 வரையில் திரட்டிப் பார்த்தது. எஞ்சின் அடியோடு நின்ற சம்பவங்களைப் போல் மூன்று மடங்கு, எஞ்சின் நிற்காமல் அரைகுறையாக வலுவிழந்த சம்பவங்கள் இருந்தன. அரைகுறையாக வலுவிழந்தவற்றில் ஒன்பது, உயிர்ச்சேதத்தில் முடிந்தன. ஆரம்பத்திலேயே அடியோடு நின்றவற்றில் உயிர்ச்சேதம் ஒன்று கூட இல்லை.

இதை முதன்முதலில் வாசித்தபோது அச்சுப்பிழை என்றே எண்ணினேன். யோசிக்க யோசிக்க அதன் நியாயம் விளங்கிற்று. அடியோடு நின்ற எஞ்சின் விமானிக்குச் சந்தேகத்தை வைப்பதில்லை. அவருடைய பயிற்சியெல்லாம் அந்த நிலையை உத்தேசித்தே நடந்தது. மூக்கைத் தாழ்த்து, எதிரே இறக்கு என்று ஒரே பாட்டாகப் படித்திருக்கிறார். அரைகுறை எஞ்சின் அப்படியல்ல. அது குலுங்குகிறது, இருமுகிறது, மீண்டும் சுறுசுறுப்படைவதுபோல் காட்டுகிறது, இன்னும் சற்றுத் தூரம் தாங்கும் என்று வாக்குக் கொடுக்கிறது. நாட்பட்ட நோயாளியின் வீட்டார் நம்பிக்கையை விடாமலிருப்பதுபோல், விமானியும் ஓடுதளத்துக்குத் திரும்பிவிடலாம் என்று அதை நம்பித் திருப்புகிறார். நடுத்திருப்பத்தில் அது கைவிடுகிறது. மூன்றில் இரண்டு பங்கு வலு உள்ள எஞ்சினோடு என்ன செய்வது என்பதை எந்தப் பறப்புப் பள்ளியாவது மணிக்கணக்கில் கற்பித்ததுண்டா என்று விசாரித்தால் நல்லது. லாரி டிரைவரிடம் இதைச் சொன்னபோது அவர் உடனே புரிந்துகொண்டார். "பிரேக் சுத்தமா போச்சுன்னா மேட்டுலே ஏத்தி நிறுத்திருவோம் சார். பாதி பிடிக்கிற பிரேக்குதான் ஆளைக் கொல்லும்" என்றார்.

இரண்டு எஞ்சின் இருந்தால் இரட்டிப்புப் பாதுகாப்பு என்பது கேட்பதற்கு நியாயமாகவே இருக்கிறது. சிறு விமானத்தில் அது முழு உண்மையல்ல. இரண்டில் ஒன்று நின்றால் வலுவில் பாதி போகிறது; மேலேறும் சக்தியிலோ ஐந்தில் நாலு பங்கு போய்விடுகிறது. ஓடுகிற எஞ்சின் ஒரு பக்கத்திலேயே இழுப்பதால், வேகம் குறைந்த நிலையில் விமானம் முறுக்கிக்கொண்டு புரளும். டர்பைன் எஞ்சின்கள் வந்த பிறகு எஞ்சின் நிற்பதே அபூர்வமாகிவிட்டதென்றாலும், அவற்றின் விலை பறப்புச் சங்கங்களுக்குக் கட்டுபடியாகாது. விமானத்தையே குடையில் தொங்கவிட்டு இறக்கும் சிர்ரஸ் கம்பெனியின் பாராசூட் 2002 முதல் பலரைக் காப்பாற்றியிருக்கிறது என்பது வாஸ்தவம். ஆயினும் முதற் பத்தாண்டில் அந்த விமானங்களின் விபத்துக் கணக்கு மற்றவற்றைவிட மெச்சும்படியாக இல்லை. கைப்பிடியை இழுக்கத் தயங்கியவர்கள் இழுக்காமலே இறந்தார்கள். பயிற்சியை மாற்றி, 'முதலில் இழு, பிறகு யோசி' என்று கற்பித்த பின்னரே மரணங்கள் குறைந்தன.

இனி, இந்தக் கணக்குகளையெல்லாம் நாம் எப்படிப் பெறுகிறோம் என்பதைப் பற்றி. நீலகிரியில் 1950-ஆம் ஆண்டு டிசம்பர் 13-ஆம் தேதி ஏர் இந்தியாவின் டகோட்டா விமானம் மலையில் மோதிற்று. அதில் மாண்டவர்களில் ஆபிரகாம் வால்ட் என்கிற கணித மேதையும் அவர் மனைவியும் உண்டு, இந்தியாவில் விரிவுரை நிகழ்த்த வந்தவர், வயது 48. இரண்டாம் உலக யுத்தத்தின் நடுவே, 1943-இல், கொலம்பியா சர்வகலாசாலையைச் சேர்ந்த புள்ளியியல் குழுவில் இருந்துகொண்டு, குண்டடி பட்டுத் திரும்பிய போர் விமானங்களின் சேதத்தைக் கொண்டு, விமானத்தின் எந்தப் பாகம் எவ்வளவு பலவீனமானது என்று கணிக்கும் முறையை அவர் வகுத்தார். அந்த ஆராய்ச்சி இப்போது கதையாகச் சொல்லப்படும்போது மெருகேறியிருக்கிறது. கதையைத் தள்ளிவிட்டுச் சாரத்தை மட்டும் சொல்வேன். திரும்பி வந்த விமானங்களில் எஞ்சினின் மேல் துளைகள் குறைவாக இருந்தால், எஞ்சினில் குண்டு படுவதில்லை என்று அர்த்தமல்ல. எஞ்சினில் பட்டவை திரும்பி வரவில்லை என்று அர்த்தம். கண்ணெதிரே இருப்பதை வைத்துக் கணக்கிடுகிறவன், கண்ணெதிரே இல்லாததையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும்.

சிறு விமான விபத்துகளில் நாம் செய்கிற பிழை இதே பிழைதான், ஆனால் தலைகீழானது. வால்டின் முன்னால் இருந்தவை திரும்பி வந்த விமானங்கள்; நம் முன்னால் இருப்பவை திரும்பி வராதவை. 2025 நவம்பரில் திருச்சி-புதுக்கோட்டை தேசிய நெடுஞ்சாலையில், நார்த்தாமலைப் பக்கத்தில், சேலத்திலிருந்து வந்த பயிற்சிச் செஸ்னா ஒன்று அவசரமாக இறங்கி, உள்ளிருந்தவர்கள் காயமின்றி வெளியே வந்தார்கள். படம் பத்திரிகைகளில் வந்தது, ஒரு நாள் பேசினோம், மறந்துபோனோம். 2023 அக்டோபரில் மகாராஷ்டிரத்துப் பாராமதியில் ஒரே வாரத்துக்குள் இரண்டு பயிற்சி விமானங்கள் விழுந்தும் உயிர்ச்சேதம் இல்லை. அந்த விமானிகள் எத்தனை அடி உயரத்தில் என்ன முடிவு செய்தார்கள், கை எதை முதலில் தொட்டது, எந்தச் சாலையை ஏன் நிராகரித்தார்கள், எதிரே வந்த பஸ்ஸை எப்போது கண்டார்கள் என்பவையே இந்தக் கேள்விக்குரிய விலைமதிக்க முடியாத சாட்சியங்கள். இறந்தவர்களைப் பற்றி நூறு பக்கம் எழுதுகிறோம். அவர்கள் பேச மாட்டார்கள். பிழைத்தவர்கள் பேசுவார்கள், அவர்களைப் பற்றி எழுதுவதோ இரண்டு பக்கம்.

நம் நாட்டில் விபத்துகளை விசாரிக்கும் வேலை நெடுங்காலம் விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தினிடமே இருந்தது. சட்டம் செய்கிறவரும் குற்றம் கண்டுபிடிக்கிறவரும் ஒருவராகவே இருப்பதன் அசௌகரியத்தை உணர்ந்து, 2012-இல் விமான விபத்து விசாரணைப் பிரிவு தனியாக அமைக்கப்பட்டது. நல்ல காரியமே. ஆனால் என் அபிப்பிராயத்தில், எஞ்சின் நின்றும் சௌக்கியமாக இறங்கிய சம்பவங்கள் ஒவ்வொன்றையும், விமானிக்குத் தண்டனை உண்டோ என்கிற பயமில்லாமல் அவரே வாய்விட்டுச் சொல்லும்படி செய்து, மாணவர்கள் படிக்கும் பாஷையில் வெளியிடுகிற ஏற்பாடு இதைக் காட்டிலும் அதிக உயிர்களைக் காக்கும். மீனம்பாக்கத்தில் 1930-லிருந்து நடந்துவந்த சென்னைப் பறப்புச் சங்கத்தைப் போன்ற பழைய சங்கங்களில், மாலைவேளையில் கான்டீன் பெஞ்சில் உட்கார்ந்து மூத்தவர்கள் இளையவர்களுக்குச் சொல்லிவந்த கதைகள் செய்த வேலை அதுதான். கதை சொல்கிற மூத்தவர்கள் குறைந்து, மணிக்கணக்கு வாங்கிக்கொண்டு கம்பெனி வேலைக்குப் போகிற அவசரம் மிகுந்துவிட்ட இந்தக் காலத்தில், அந்தப் பெஞ்சுக்கு ஈடாக ஏதேனும் வேண்டியிருக்கிறது.

பறப்புப் பயிற்சியில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு விகற்பமும் இல்லாமல் பறந்துகொண்டிருக்கும்போது, பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் ஆசிரியர் சட்டென்று திராட்டிலைப் பின்னால் இழுத்து எஞ்சினை அடக்கிவிட்டு, "எஞ்சின் போச்சு, எங்கே இறக்குவாய்?" என்று கேட்பார். மாணவன் அந்தக் கணத்தில் தேட ஆரம்பித்தால் தாமதம். அதற்கு முன்பே தேடி வைத்திருக்க வேண்டும். போன மார்கழியில் ஒரு சாயங்காலம், மொட்டை மாடியில் வற்றலை அள்ளிக்கொண்டிருந்தபோது, மதுரைப் பக்கமிருந்து ஒரு சிறு விமானம் மேற்குத்தொடர்ச்சி மலையை ஒட்டினாற்போல் தெற்கே போயிற்று. எங்கள் ஊருக்கு அது அபூர்வம். என் பேரனிடம் அந்த ஆசிரியரின் கேள்வியைக் கேட்டேன். "கண்மாய்க்குள்ளே" என்றான். "தண்ணி நிக்குதேடா" என்றேன். புதிதாகப் போடுகிற நான்குவழிச் சாலையைக் காட்டினான். அதன் குறுக்கே மின்சாரக் கம்பி போவதைக் காட்டினேன். தென்னந்தோப்பு ஆகாது, மாந்தோப்பும் ஆகாது என்பதை அவனே கண்டுகொண்டான். வலப்புறம் மலையடிவாரம், அங்கே காற்று மலையைத் தாண்டிக் கீழே புரளும். கடைசியில் இருவரும் சேர்ந்து, பஸ் நிறுத்தத்துக்குக் கிழக்கே, வரப்பு குறைந்த ஒரு பருத்திக்காட்டைத் தேர்ந்தெடுத்து முடித்தபோது, விமானம் கண்ணுக்கு மறைந்து அரை நிமிஷத்துக்கு மேல் ஆகியிருந்தது.